மம்ப்சிமஸ்: செபத்தில் நேர்ந்த பிழை பிடிவாதத்துக்குப் பெயரான கதை

கேள்வி இது: "பிடிவாதத்துக்கு ஆங்கிலத்தில் மம்ப்சிமஸ் என்று ஒரு சொல் உண்டாம். ஸ்டபர்ன், ஆப்ஸ்டினேட் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு? எங்கிருந்து வந்தது, பொருள் எப்படி மாறியது? தமிழில் எப்படிச் சொல்லலாம்?"

எனக்கு மிகவும் பிடித்த சொல் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பொருள். "இது தவறு" என்று ஒருவர் எடுத்துக்காட்டிய பிறகும், பழகிவிட்டது என்பதற்காகவே விடாமல் வைத்துக்கொள்ளும் சொல், வழக்கம் அல்லது கருத்துதான் மம்ப்சிமஸ். அப்படி விடாமல் வைத்திருக்கும் ஆளையும் ஒரு காலத்தில் அதே சொல்லால் குறித்தார்கள்.

மற்றச் சொற்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை தெரியும். ஸ்டபர்ன் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. வேர் எது என்பதில் இன்றுவரை முடிவு இல்லை. ஆப்ஸ்டினேட் லத்தீனிலிருந்து வந்தது, உறுதியாக நின்றுகொள்வது என்பது அதன் அடிப்படை. அடங்க மறுப்பவரைக் குறிக்கும் ரிகால்சிட்ரன்ட் என்ற சொல்லில் குதிகால் இருக்கிறது: லத்தீனில் கால்க்ஸ் என்றால் குதிகால், ஓட்டுகிறவனைப் பின்னங்காலால் உதைக்கிற மிருகம்தான் அந்தச் சொல்லின் படம். இந்த மூன்றும் ஒருவருடைய குணத்தைச் சொல்கின்றன. அவர் பிடித்துக்கொண்டிருப்பது சரியா தவறா என்று அவை சொல்வதில்லை, நியாயமான விஷயத்துக்காகவும் ஒருவர் ஸ்டபர்னாக இருக்கலாம். மம்ப்சிமஸ் என்று சொன்னால் அந்த இடமே இல்லை. தவறு நடந்தது, ஒருவர் வந்து திருத்தினார், இவர் மறுத்தார் என்ற மூன்றும் சேர்ந்தே அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன.

இனி கதைக்கு வருகிறேன்.

கத்தோலிக்கரின் லத்தீன் திருப்பலி வழிபாட்டில் நற்கருணை (கிறிஸ்துவின் உடலாகக் கருதும் அப்பம்) வாங்கிய பிறகு குருவானவர் தணிந்த குரலில் சொல்லும் ஒரு சிறு செபம் உண்டு. "குவோத் ஓரே சும்ப்சிமுஸ், தோமினே, பூரா மெந்தே காபியாமுஸ்" என்று அது தொடங்கும். "ஆண்டவரே, வாயால் நாங்கள் உட்கொண்டதைத் தூய மனத்தோடு ஏற்றுக்கொள்வோமாக" என்று பொருள். சும்ப்சிமுஸ் என்றால் "நாங்கள் எடுத்துக்கொண்டோம்". ஆங்கிலத்தில் கன்சியூம், அஸியூம், ரெஸியூம் என்று வருகிற சொற்களெல்லாம் இதே வினையின் வழிவந்தவைதான்.

ஒரு குருவானவர், லத்தீன் அதிகம் தெரியாதவர், இந்த இடத்தில் "மும்ப்சிமுஸ்" (ஆங்கில ஒலிப்பில் மம்ப்சிமஸ்) என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சொல் லத்தீனிலேயே கிடையாது. காதில் தப்பாக விழுந்ததோ, ஏட்டில் தப்பாகப் படித்ததோ, வாயில் அப்படியே ஊறிவிட்டது. விவரம் தெரிந்த ஒருவர் கேட்டுவிட்டுத் திருத்தினார். இவர் மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். "உங்களுடைய புதிய சும்ப்சிமுஸுக்காக என்னுடைய பழைய மும்ப்சிமுஸை விட மாட்டேன்" என்றாராம்.

இந்தக் கதையை எழுத்தில் கொண்டுவந்தவர் டச்சு அறிஞர் எராஸ்மஸ். அவர் 1511 முதல் 1514 வரை கேம்பிரிட்ஜில் குவீன்ஸ் கல்லூரியில் இருந்தபோது பழகிய ஹென்றி புல்லாக் என்பவருக்கு 1516 ஆகஸ்ட் மாதம் ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில்தான் இந்தக் குருவானவர் வருகிறார். அடுத்த ஆண்டு, 1517இல், இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் தூதராக இருந்த ரிச்சர்ட் பேஸ் கல்வியின் பயன் பற்றித் தாம் எழுதிய லத்தீன் நூலில் இதே கதையைச் சொன்னார். பேஸ் சொல்லும்போது குருவானவர் ஆங்கிலேயராகிவிட்டார், 30 ஆண்டுகளாக அப்படியே சொல்லிவந்தவர் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. கதையை எராஸ்மஸிடமிருந்துதான் எடுத்தேன் என்று பேஸே அவருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். குருவானவருக்கு இரண்டு இடத்திலும் பெயர் இல்லை. உண்மையில் நடந்ததா, நகைச்சுவைக்காகச் சொல்லப்பட்டு வந்ததா என்று கேட்டால், எனக்கு இது ஊர் ஊராகச் சுற்றிய கதையாகத்தான் படுகிறது.

எராஸ்மஸ் இந்தக் கதையை எப்போது சொன்னார் என்பது முக்கியம். அதே 1516இல் பாசல் நகரத்தில் ஃப்ரோபென் அச்சகம் அவருடைய கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. பக்கத்திலேயே அவர் திருத்திய லத்தீன் மொழிபெயர்ப்பும் இருந்தது. மேற்கு ஐரோப்பா முழுக்க வழங்கிய பழைய லத்தீன் விவிலியமான வுல்காத்தாவில் பிழைகள் இருக்கின்றன, கிரேக்க மூலத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும் என்பது அவர் வாதம். எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் படித்தவர்களும் உண்டு, இறையியல் பேராசிரியர்களும் உண்டு. அவர்களைப் பார்த்துத்தான் எராஸ்மஸ் இந்தக் குருவானவரைக் காட்டினார்: சரியானது எது என்று காட்டியும் பழையதை விட மாட்டேன் என்கிறீர்களே, அந்த மனிதருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரே ஒரு சொல்லால் எவ்வளவு கோபம் வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. யோவான் நற்செய்தியின் முதல் வரி வுல்காத்தாவில் "தொடக்கத்தில் வெர்பும் இருந்தது" என்று வரும். வெர்பும் என்றால் தனிச்சொல். கிரேக்கத்தில் இருக்கும் லோகோஸ் அதைவிட அகலமானது என்பதால் 1519ஆம் ஆண்டுப் பதிப்பில் எராஸ்மஸ் அதை "செர்மோ" என்று மாற்றினார். செர்மோ என்றால் பேச்சு, உரை. நூற்றாண்டுகளாக அந்த வரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது நெஞ்சில் அடித்தது போல இருந்தது. நம்மூர்க் கிறிஸ்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று கேட்டு வளர்ந்தவரிடம் "தொடக்கத்தில் வாக்கு இருந்தது" என்று வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வசனம்தான், இருந்தாலும் முகம் ஒரு கணம் மாறும்.

சரி, சொல் ஆங்கிலத்துக்குள் எப்படி வந்தது? இங்கிலாந்தில் திருச்சபையைச் சீர்திருத்தக் கிளம்பியவர்களுக்கும் பழைய முறையை விடாதவர்களுக்கும் இடையே சண்டை சூடுபிடித்த காலம் அது. 1530இல் வில்லியம் டின்டேல் இதை ஆட்களுக்கான வசைச் சொல்லாகவே பயன்படுத்துகிறார்: பழைய முறையில் ஊறிய இறையியல் பண்டிதர்களை அவர் "மம்ப்சிமஸ்கள்" என்கிறார். விவிலியத்தை மூலமொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததற்காகத் தேசத்தை விட்டே ஓடியவர் டின்டேல். 1536இல் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் வில்வோர்டில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். அவர் பேனாவில் இந்தச் சொல் வந்தபோது அதில் சிரிப்பு கொஞ்சம்தான் இருந்திருக்கும்.

அப்புறம் 1545. டிசம்பர் 24 அன்று எட்டாம் ஹென்றி நாடாளுமன்றத்தில் பேசினார். ஓராண்டு கழித்து, 1547 ஜனவரியில், இறந்துவிட்டார், நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய கடைசி உரை அதுதான். குருமார்கள் ஒருவரை ஒருவர் மேடைபோட்டுத் திட்டிக்கொள்கிறார்கள், வேதவசனம் கள்ளுக்கடையெங்கும் வாய்ச்சண்டைக்குப் பொருளாகிவிட்டது என்று வருந்தியவர், சிலர் தங்கள் பழைய மம்ப்சிமஸில் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், சிலர் தங்கள் புதிய சம்ப்சிமஸில் அளவுக்கு மீறி ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள் என்றார்.

இந்த இடத்தில் சொல்லின் பொருள் நகர்வதைக் கவனியுங்கள். டின்டேலிடம் மம்ப்சிமஸ் என்பது ஓர் ஆள். அரசரிடம் அது ஓர் ஆள் பிடித்துக்கொண்டிருக்கும் பொருள். இன்னொன்றும் நடக்கிறது. கதையில் சரியான சொல்லாக இருந்த சும்ப்சிமுஸும் அரசர் வாயில் குற்றச்சாட்டாகிவிடுகிறது. சரியாகச் சொல்பவனும் தன் சரியைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் தொல்லைதான் என்று ஓர் அரசர் சொல்கிறார். ரோமுக்கு விசுவாசமாக இருந்தவர்களையும் கொன்று, தீவிரச் சீர்திருத்தக்காரர்களையும் கொன்ற அரசர் அவர் என்பதை மறந்துவிட்டு இந்த வாக்கியத்தைப் படிக்க என்னால் முடிவதில்லை. என்றாலும் வாக்கியம் கூர்மையானது. சம்ப்சிமஸ் என்பதும் பிறகு ஆங்கில அகராதியில் இடம்பிடித்தது: மக்கள் வழக்கில் இருக்கும் பிழையான சொல்லை அகற்றிவிட்டு வைக்கப்படும் சரியான சொல் என்ற பொருளில்.

1552இல் சீர்திருத்தப் போதகர் ஹியூ லாட்டிமர் தம் மறையுரைகளில் இந்தச் சொல்லை எடுக்கிறார். உண்மையைக் கற்பித்தாயிற்று, அவனும் அறிந்துகொண்டான், ஆனாலும் நம்பாமல் தன் பழைய மம்ப்சிமஸிலேயே இருப்பேன் என்கிறான் என்ற பொருளில் அவர் பேசுகிறார். தெரிந்தும் விட மறுப்பது என்ற கருத்து இதில்தான் முழுசாக வெளிப்படுகிறது என்று நினைக்கிறேன். மூன்று ஆண்டுகளில், 1555 அக்டோபரில், கத்தோலிக்க ராணி மேரியின் ஆட்சியில், ஆக்ஸ்ஃபர்டில் லாட்டிமரையும் எரித்தார்கள். இன்று சொல்விளையாட்டுப் பட்டியல்களில் வேடிக்கையாக எடுத்துப்போடும் சொல்லை முதலில் புழங்கியவர்களில் இரண்டு பேர் நெருப்பில் போனவர்கள்.

சண்டை தணிந்த பிறகு சொல்லின் காரமும் இறங்கியது. ஆளைக் குறிக்கும் பொருள் மங்கியது. 17ஆம் நூற்றாண்டில் "தன் பழைய மம்ப்சிமஸை விடாதவர்" என்பது ஏறக்குறைய மரபுத்தொடராகிவிட்டது. காலப்போக்கில் அது மதத்தை விட்டு மொழிப் பக்கம் வந்தது. இப்போது ஆங்கில மொழிநடை பற்றி எழுதுபவர்கள்தான் இதை அதிகம் எடுக்கிறார்கள்: எஸ்பிரெஸ்ஸோவை எக்ஸ்பிரெஸ்ஸோ என்பது, நியூக்ளியரை நியூக்யுலர் என்பது, ரிகார்ட்லெஸ் போதுமான இடத்தில் இர்ரிகார்ட்லெஸ் என்பது, அதுவும் திருத்திச் சொன்ன பிறகும் அப்படியே சொல்வது. இப்படி ஆள், வழக்கம், ஒற்றைச் சொல் என்று குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே, ஒரு வாயில் மாட்டிக்கொண்ட ஒரு சொல்லுக்கே, திரும்பியிருக்கிறது.

இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்தக் குருவானவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. முன்னும் பின்னும் நடந்ததைப் பார்த்தால் கதை அவ்வளவு எளிதாக இல்லை.

எராஸ்மஸுக்கு 1,100 ஆண்டுகளுக்கு முன்னால் புனித ஜெரோம் விவிலியத்தை எபிரேயத்திலிருந்து புதிதாக லத்தீனில் மொழிபெயர்த்தார். யோனா புத்தகத்தின் நான்காம் அதிகாரத்தில், வெயிலில் உட்கார்ந்திருக்கும் யோனாவுக்கு நிழல் தரக் கடவுள் ஒரு செடியை முளைக்கச் செய்கிறார். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அது ஆமணக்குச் செடி. ஜெரோமுக்கு முந்தைய லத்தீன் விவிலியத்தில் அது சுரைக்கொடி. ஜெரோம் அதைப் படர்கொடியான ஐவி என்று மாற்றினார். 403ஆம் ஆண்டு வாக்கில் புனித அகஸ்டின் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஓயா என்ற ஊரில் (இன்றைய லிபியாவின் திரிபோலி) ஆயர் ஒருவர் புதிய மொழிபெயர்ப்பைக் கோயிலில் வாசிக்கச் செய்தார். அந்த ஒற்றைச் சொல் வந்ததும் சபையில் பெரிய ரகளையாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, மனத்தில் ஊறிப்போன சொல் அது. கடைசியில் சபையே கையை விட்டுப் போய்விடும் என்று பயந்து ஆயர் பழையதுக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

அன்று ரகளைக்குக் காரணமான ஜெரோமின் மொழிபெயர்ப்புதான் பின்னாளில் வுல்காத்தா. எராஸ்மஸின் எதிரிகள் "இதில் கை வைக்காதே" என்று காத்து நின்ற அதே புத்தகம். ஓயா மக்களுக்குப் பொறுக்க முடியாத புதுமையாக இருந்தது 1516இல் தொடக்கூடாத பழமையாக ஆகியிருந்தது.

இதன் அடுத்த கட்டம் எராஸ்மஸ் கையாலேயே நடந்தது. திருவெளிப்பாடு நூலுக்கு அவரிடம் ஒரே ஒரு கிரேக்கக் கையெழுத்துப் படிதான் இருந்தது, கடன் வாங்கியது. அதில் கடைசி ஏடு இல்லை. அச்சகத்தில் அவசரம். விடுபட்ட கடைசி ஆறு வசனங்களை அவர் வுல்காத்தாவின் லத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்துச் சேர்த்துவிட்டார். அங்கேதான் ஒரு பிழை ஒளிந்திருந்தது. 22ஆம் அதிகாரம் 19ஆம் வசனத்தில் பழைய கிரேக்கப் படிகளில் இருப்பது "வாழ்வின் மரம்". லத்தீனில் மரத்துக்கு லிக்னோ, புத்தகத்துக்கு லிப்ரோ. படியெடுப்பவர் யாரோ ஒருவருடைய கண் இரண்டெழுத்து தவற, மரம் புத்தகமாகியிருந்தது. எராஸ்மஸ் அதை அப்படியே கிரேக்கத்தில் வைக்க, வாழ்வின் மரத்துக்குப் பதில் வாழ்வின் புத்தகம் அச்சேறியது. அவருடைய கிரேக்கப் பாடத்தின் வழியாக 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்துக்குப் போனது. 1881இல் திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு வந்தபோது மரம் திரும்ப வந்தது. ஆனாலும் 1611ஆம் ஆண்டுப் பதிப்பை நேசிக்கும் லட்சக்கணக்கானவர்கள் இன்றும் புத்தகம் என்றே வாசிக்கிறார்கள்.

தமிழிலும் இதைப் பார்க்கலாம். வீட்டில் பழைய தமிழ் வேதாகமம் இருந்தால் கடைசிப் பக்கத்தைத் திறந்து அந்த வசனத்தைப் படியுங்கள்: "ஜீவபுஸ்தகத்திலிருந்தும்" என்று இருக்கும். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பை எடுத்தால் அதே இடத்தில் மரம் இருக்கும். சும்ப்சிமுஸ் எது என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்ன மனிதரின் அவசரம், லத்தீன் ஏட்டில் நேர்ந்த இரண்டெழுத்துப் பிழை, இரண்டும் சேர்ந்து நம் வீட்டு மேசை வரை வந்திருக்கின்றன. முதல் தடவை இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எனக்கு ஒரு சொந்த அனுபவமும் உண்டு. சில ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தேன். ஒரு பெரியவருடைய சிறுகதைகளில் "சுவற்றில்" என்று வந்த இடத்தையெல்லாம் "சுவரில்" என்று திருத்தி அனுப்பினேன். கிணறு என்று 'று'வில் முடிவதால் கிணற்றில் என்று வரும், சுவர் 'ர்' என்று முடிகிறது, அதனால் சுவரில் என்றுதான் வர வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தேன். அவர் எல்லாவற்றையும் பென்சிலால் அடித்துப் பழையபடி ஆக்கித் திருப்பி அனுப்பினார். தொலைபேசியில் கேட்டபோது, "நீங்க சொல்றது சரிதான் தம்பி, இலக்கணம் எனக்கும் தெரியும். ஆனா சுவரில்னு எழுதினா அது எங்க வீட்டுச் சுவரா தெரியலையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. திருத்தம் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தக் குருவானவரை எனக்குக் கொஞ்சம் புரிந்தது. முப்பது ஆண்டுகள் விடியற்காலையில் பீடத்தின் முன் நின்று, கையில் பாத்திரத்தோடு, அந்த ஒலியோடுதான் அவர் கடவுளிடம் பேசியிருக்கிறார். அவருக்கு அந்தச் சொல் லத்தீன் இலக்கணத்தைச் சேர்ந்ததாக இருந்திருக்காது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மம்ப்சிமஸ் எப்போதும் தோற்பதில்லை. ஆங்கிலத்தில் ஏப்ரன் ஒரு காலத்தில் நாப்ரன். "எ நாப்ரன்" என்று சொன்னதை "அன் ஏப்ரன்" என்று தப்பாகப் பிரித்துக் கேட்டார்கள். இன்று ஒருவர் நாப்ரன் என்று சொன்னால் அவரைத்தான் திருத்துவோம். போதுமான பேர் போதுமான காலம் விடாமல் சொன்னால் பிழை வழக்காகிறது. எந்தப் பிழை அப்படி ஜெயிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் வழி எதுவும் இல்லை.

கடைசியாக, தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் நினைவுக்கு வருவது "தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்ற பழமொழி. நெருங்கி வருகிறது, ஆனால் முழுசாகப் பொருந்தாது. மூன்று கால் என்கிறவர் வாதத்தில் ஜெயிக்க நினைக்கிறார். குருவானவர் வாதமே செய்யவில்லை, தன் வழக்கத்தை விடச் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான். அடம், வீம்பு, முரண்டு, வறட்டுப் பிடிவாதம் எல்லாம் ஆளின் குணத்தைச் சொல்பவை, ஸ்டபர்ன் வரிசையில் போய்ச் சேரும். விதண்டாவாதம் வேறு விஷயம்.

நான் மொழிபெயர்க்கும்போது இடத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்கிறேன். சொல்லையோ வழக்கத்தையோ குறித்தால் "விடாப்பிழை" என்று போடுகிறேன். விடாப்பிடி நமக்குப் பழக்கமான சொல் என்பதால் வாசகர்களுக்கு இது உடனே பிடிபடுகிறது. ஆளைக் குறித்தால் "பழைய பாட்டை விடாதவர்" போதும். டின்டேல், ஹென்றி காலத்து எழுத்தாக இருந்தால் மம்ப்சிமஸ் என்றே வைத்துவிட்டு, செபத்தின் கதையை இரண்டு வரியில் சேர்த்துவிடுவேன்.